ஹர்த்தால் நாளில் அடித்த மணி

பாறசாலை ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஷாஜியின் யூனிட்டில் வயர்லெஸ் அழைப்புமணி செய்தார்கள். மொத்தம் பன்னிரண்டு பேர் வேலை பார்த்தார்கள். பதினொரு பேர் மணியைச் செய்வார்கள். பன்னிரண்டாவது ஆளான சரோஜம் அதில் பாதியைத் திருப்பி அனுப்புவாள். வெளியாட்கள் வந்தால் ஷாஜி அவளை அப்படித்தான் காட்டுவான்.

"நாங்க ஒக்க கஷ்டப்பட்டு பெத்துப் போடுவோம். இந்த அக்கா இருந்துக்கிட்டு குத்தம் கண்டுபிடிப்பாவ. அதுக்காக்கும் இவியளுக்குச் சம்பளம்."

சரோஜம் சிரிக்க மாட்டாள். கோபமும் கிடையாது. அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. பத்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. பத்தொன்பது வயதில் நெய்யாற்றின்கரையில் ஒரு டி.வி. தொழிற்சாலையில் ஈயம் ஒட்டுகிற வேலைக்குச் சேர்ந்தாள். இன்ஜினியர்கள் படித்துவிட்டு மூலையில் எறியும் புத்தகங்களைப் பழைய காகிதத்தோடு வீட்டுக்குக் கொண்டுபோவாள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தைப் படிக்க ஒரு வாரம் ஆகும். அந்தத் தொழிற்சாலை மூடியபோது மற்றவர்கள் மின்விசிறியையும் நாற்காலியையும் ஏலத்தில் எடுத்தார்கள். சரோஜம் எடுத்தது இரண்டு பழைய சிக்னல் ஜெனரேட்டர். வேண்டிய அலைவரிசையில் வேண்டிய அளவுக்கு ரேடியோ அலையைக் கொடுக்கிற பெட்டிகள் அவை. ஷாஜியின் அப்பா அவளை வேலைக்கு எடுத்தபோது அவற்றையும் சேர்த்தே எடுத்தார்.

காலையில் வந்ததும் இரண்டையும் போட்டுவிட்டு இருபது நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சூடாகி நிலைக்கு வராமல் எந்த அளவையும் நம்பக் கூடாது என்பது அவள் கணக்கு. அளக்கும்போது வெளி அலை நுழையாமலிருக்கப் பெரிய பிஸ்கட் டின் ஒன்றுக்குச் செம்பு வலை ஒட்டி வைத்திருந்தாள். மணியின் பெட்டியை அதற்குள் வைத்து மூடித்தான் எதையும் தொடங்குவாள்.

வயர்லெஸ் மணியில் இரண்டு துண்டு. கையில் வைத்து அமுக்குகிற பட்டன் சின்னதாக ஒரு ரேடியோ அலையை அனுப்பும். தூரத்தில் இருக்கிற பெட்டி அதை வாங்கிக்கொண்டு அடிக்கும். வாங்க வருகிறவர்கள் எல்லாரும் ஒன்றையே கேட்பார்கள்: எவ்வளவு தூரம் கேட்கும்? சரோஜத்தின் கேள்வி வேறு. பக்கத்தில் இன்னொருத்தன் உரக்கப் பேசிக்கொண்டிருக்கும்போது தூரத்தில் மெதுவாகக் கூப்பிடுகிறவனின் குரல் இந்தப் பெட்டிக்கு விழுமா? ஆளில்லாத இடத்தில் எந்தப் பெட்டியும் கேட்கும். வேண்டாததைத் தள்ளிவிட்டு வேண்டியதை எடுப்பதுதான் பெட்டியின் யோக்கியதை. ஆகவே ஒரு ஜெனரேட்டரில் பட்டனின் அலையை மெலிதாகக் கொடுப்பாள். இன்னொன்றில் சற்றுத் தள்ளிய அலைவரிசையில் பலமாக ஒன்றைக் கொடுப்பாள். பத்துத் தடவை கூப்பிடுவாள். பத்தும் அடிக்க வேண்டும். இந்தப் பலத்தை எதுவரைக்கும் தாங்க வேண்டும் என்பதற்கு அவள் படித்த புத்தகங்களில் தரம் பிரித்திருந்தார்கள். வீட்டு வாசல் மணிக்கு ஒரு தரம். ஆள் உயிர் அதை நம்பியிருந்தால் அதைவிட எத்தனையோ மடங்கு கூடிய தரம்.

ஒரு ஜனவரியில் சேவைக்குழு ஒன்றின் செயலாளர் பிஜு வந்தான். பனச்சமூடு, வெள்ளறடை பக்கங்களில் படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர்களுக்கு ஆளுக்கொரு மணி கொடுக்க வேண்டும், நாற்பது வேண்டும். அந்த நேரம் பார்த்து, பெட்டிக்குள் அலையை வாங்குகிற பழைய வகை உள்பாகம் வருவது நின்றுபோயிருந்தது. ஷாஜி புதிதாக ஒன்றை வரவழைத்திருந்தான். தீப்பெட்டியில் பாதிதான் இருக்கும், பச்சை அட்டை. சரோஜம் அதை டின்னுக்குள் வைத்தாள். தனியாக இருந்தபோது பழையதைவிட நன்றாகவே கேட்டது. பக்கத்து அலையைக் கொடுத்ததும் செத்தது. பத்துக்குப் பூஜ்யம். அலையைப் பாதியாகக் குறைத்தாள். பூஜ்யம். பதிவேட்டில் சிவப்பு மையில் எழுதினாள்: "அயல் அலை இருந்தால் கேட்காது. நோயாளிக்குக் கொடுக்கக் கூடாது."

ஷாஜி அதைப் படித்துவிட்டு டின்னைத் தட்டினான்.

"அக்கா, படுத்துக் கெடக்கவன் இந்த டின்னுக்குள்ளயா கெடக்கான்? பனச்சமூட்டுல எவன் வீட்டுப் பக்கத்துல ரேடியோ ஸ்டேஷன் இருக்கு? ரப்பரும் மரச்சீனியும்தான் உண்டு."

"இப்ப இல்லண்ணா நாளைக்கு வரும். கேட்டுக்கு ரிமோட்டு, மோட்டாருக்கு ரிமோட்டு. எல்லாம் இந்த அலையிலதான் ஓடுது."

"அப்ப ஒண்ணு செய்வோம். வீட்டுல கொண்டு வச்சுப் பாப்போம். நேருல பாத்தா உங்களுக்குச் சமாதானம் ஆவுமா?"

நேரில் பார்ப்பதை வேண்டாம் என்று சொல்ல சரோஜத்துக்கு வாய் வரவில்லை. அவள் வாழ்நாள் முழுதும் சொன்னதே அதுதான், பார்த்துவிட்டுச் சொல்லு.

பிஜுவுக்கும் குழு ஆட்களுக்கும் வேலை நாளில் ஒழிவில்லை. நாள் தள்ளிக்கொண்டே போனது. ஜனவரிக் கடைசியில் ஒரு புதன்கிழமை ஹர்த்தால், கேரளம் முழுக்கக் கடையடைப்பு என்று முந்தைய நாள் மாலை அறிவித்தார்கள். பிஜு உடனே கூப்பிட்டான். "சேச்சி, நாளைக்கு எல்லாரும் வீட்டுலதான். நாளைக்கே வச்சுக்குவோம்."

பஸ் ஓடாததால் அவனே பைக்கில் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனான். முதல் வீடு வேலாயுதனுடையது. ரப்பர் வெட்டுகிறவராக இருந்தவர். வாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டன. மகன் அகிலேஷ் கல்ஃபில். மருமகள் லேகாதான் அவரைப் பார்த்துக்கொண்டு ரப்பரையும் பார்த்தாள். வீடு மேட்டில். ரப்பர் பாலை உறையவைத்து ரோலரில் ஷீட்டாக அடிக்கிற ஷெட் பள்ளத்தில், அறுபது மீட்டர் தள்ளி. ஷெட்டை ஒட்டி ஒரு மதில். மதிலுக்கு அந்தப்பக்கம் கிரானைட் கற்பலகைகள் விற்கிற யார்டு. அன்று அதன் இரும்புக் கேட் பூட்டியிருந்தது.

லேகாவுக்கு முப்பது வயது இருக்கும். மூச்சு வாங்க ஷெட்டிலிருந்து மேலே வந்தாள்.

"ஒரு நாளைக்கு நாப்பது தடவ ஏறி எறங்குதேன் அக்கா. பத்து நிமிசத்துக்கு ஒருக்கா வந்து பாக்கணும். மாமாவுக்குச் சத்தம் வராது. வாந்தி வந்தா அப்படியே கெடப்பாரு. சரிச்சுப் படுக்க வச்சாத்தான் மூச்சு வரும்."

சரோஜம் பட்டனை வேலாயுதனின் இடது கையில் கொடுத்தாள். பெட்டியை ஷெட்டில் ரோலருக்கு மேலே ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்கு ஏறி வந்தாள். அவர் அமுக்கினார். மணி அடித்தது. பத்துத் தடவை சொன்னாள், பத்தும் அடித்தது. நாலாவது தடவையிலிருந்து கிழவர் கோணின வாயோடு சிரித்தார். குழந்தையைப் போலப் பதினொன்றாவதும் அமுக்கினார்.

லேகா மதிலைக் காட்டினாள். "இண்ணைக்குப் பூட்டியிருக்கு. யார்டு ஓடும்போது இது கேக்குமா அக்கா?"

கல் அறுக்கிற இரைச்சலைச் சொல்கிறாள் என்று சரோஜம் நினைத்தாள். அவளோடு ஷெட்டுக்கு இறங்கி மணியின் ஒலியை முழுசாகக் கூட்டிவைத்தாள். "இப்ப செவிடனுக்கும் கேக்கும். இனி நீ ஓடாண்டாம் மக்கா. அவரு கூப்பிட்டா வந்தாப் போதும்."

மேலும் நாலு வீடு பார்த்தார்கள். எல்லாவற்றிலும் பத்துக்குப் பத்து. அன்று எதுவும் இடறவில்லை என்பதே அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. பனச்சமூட்டில் கேரளத்துப் பக்கம் கடைகள் அடைத்துக் கிடந்தன. சாலையைத் தாண்டினால் தமிழ்நாட்டுப் பக்கம் திறந்திருந்தது. தாண்டிப் போய் பிஜு அவளுக்குச் சாயாவும் பழம்பொரியும் வாங்கிக் கொடுத்தான். அந்த மேசையில் வைத்தே சரோஜம் பதிவேட்டில் சிவப்பு எழுத்துக்குக் கீழே எழுதினாள்: "ஐந்து வீடுகளில் நேரில் பார்த்தேன். சரி." கையெழுத்துப் போட்டாள்.

ஊரே அடங்கிக் கிடந்த ஒரு நாளில், ஊர் இரைச்சலை மணி தாங்குகிறதா என்று பார்த்திருக்கிறோம் என்பது அவளுக்கு உறைக்கவில்லை. மேசையில் அந்த அமைதியை உண்டாக்க அவள் செம்பு வலையும் டின்னும் வைத்துப் பாடுபடுகிறவள். அன்று அது சும்மா கிடைத்ததென்று கூட யோசிக்கவில்லை.

மே மாதம் பிஜு ஒரு துவர்த்துத் துண்டில் பட்டனையும் பெட்டியையும் சுற்றிக்கொண்டு வந்தான். வேலாயுதன் இறந்து பதினாறாம் நாளும் கழிந்திருந்தது. அவன் சொன்னதைக் கேட்டுக்கொண்டு சரோஜம் துவர்த்தை அவிழ்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.

காலை பதினொரு மணி. லேகா ஷெட்டில் இருந்தாள். ஷீட் அடித்து முடித்து மேலே வரும்போது கிழவர் மல்லாந்து, வாந்தி தொண்டையில் அடைத்துக் கிடந்தார். அவள் ஷெட்டுக்கு இறங்கி முக்கால் மணி நேரமாகியிருந்தது. பட்டன் இடது கைக்குள் இறுகியிருந்தது. விரலைப் பிரித்துத்தான் எடுத்தார்கள். லேகா மணி அடிக்கவில்லை என்றாள். உறவுக்காரர்கள் சடலத்தை வைத்துக்கொண்டே பட்டனை அமுக்கிப் பார்த்தார்கள். ஷெட்டில் மணி ஊருக்கே கேட்கிற மாதிரி அடித்தது. மறுநாள் அகிலேஷ் வந்து அமுக்கினான். அடித்தது. எலும்பு பொறுக்குகிற சஞ்சயனத்தன்று யார் யாரோ அமுக்கினார்கள். அத்தனை தடவையும் அடித்தது.

"அவளுக்க போனை எடுத்துப் பாத்தானுவ சேச்சி. பதினொண்ணு பத்துக்கு அம்மாகூட இருபத்து மூணு நிமிசம் பேசியிருக்கா. பின்ன மணி எங்க கேக்கும்? ஊருல ஒருத்தர் பாக்கியில்ல, எல்லாரும் அவகிட்ட இதையே கேட்டாச்சு. கோட்டுகாலுக்கு, அவளுக்க அம்மா வீட்டுக்கு அனுப்பிட்டானுவ. அகிலேஷ் ஒரே ஒரு காரியம் கேக்கான். மணி நல்லதா கேடா? கம்பெனி எழுதித் தரணும். நல்லதுண்ணா அவளை வெலக்க வக்கீலைப் பாப்பான்."

ஷாஜி பக்கத்தில் நின்றான். "நல்லதுதான். நாலு பேரு அமுக்கிப் பாத்தாச்சே. அக்கா, ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. ஏற்கெனவே போட்ட கையெழுத்துதானே."

சரோஜம் பெட்டியை டின்னுக்குள் வைத்தாள். ஜெனரேட்டர்களைப் போட்டுவிட்டு இருபது நிமிடம் உட்கார்ந்தாள். பிஜு வாட்ச்சைப் பார்த்தான். தனியாகப் பத்துக்குப் பத்து. அயல் அலையோடு பத்துக்குப் பூஜ்யம். ஜனவரியில் கண்டதேதான். பதிவேட்டைப் புரட்டினாள். சிவப்பு எழுத்து, அதன் கீழே நீல எழுத்து, அதன் கீழே அவள் பெயர். ஓரத்தில் சாயாக் கறை.

"எளவு வீட்டுல இதை அமுக்கிப் பாத்தப்ப அந்த யார்டு தொறந்திருந்துதா?" என்று பிஜுவிடம் கேட்டாள்.

"அயல்வீட்டுல சாவு கெடக்கும்போது எவன் தொறப்பான்? சஞ்சயனம் கழியிறது வரைக்கும் பூட்டிப் போட்டிருந்தாரு முதலாளி. மரியாதை உள்ள மனுசன்."

"அவரு செத்த நேரத்துல?"

"அப்ப லோடு வந்திருந்துது. கல்லு எறக்கிட்டிருந்தானுவ."

சரோஜம் துவர்த்தை மடித்தாள். "வேலை நாள் ஒண்ணுல நான் வாறேன். அகிலேஷும் இருக்கணும்."

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பெட்டியைப் பழைய ஆணியிலேயே மாட்டினாள். ரோலரில் சிலந்தி கட்டியிருந்தது. பிஜு மேலே அறையில் பட்டனோடு, அகிலேஷ் ஷெட்டில் அவளோடு. அடிக்கிற மணியைக் கேட்டு அவள் ஒவ்வொன்றாகக் குறித்தாள். பத்துக்குப் பத்து. அகிலேஷின் முகம் இறுகிக்கொண்டே வந்தது.

"இன்னும் என்னத்த பாக்கணும்? எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஃபிளைட்டாக்கும்."

"லோடு வரட்டும்" என்றாள்.

பத்தேகாலுக்கு லாரி வந்தது. மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள். இடுப்பில் மஞ்சள் நிற ரிமோட்டைக் கட்டிக்கொண்டு ஒருவன் நடந்தான். அவன் விரலசைவுக்குத் தலைக்குமேல் இரும்புத் தூலத்தில் கிரேன் நகர்ந்தது. அந்த ரிமோட் போட்டதிலிருந்து நிறுத்துகிறவரைக்கும் ஓயாமல் அலையை அனுப்பிக்கொண்டிருக்கும். இடையில் அலை அறுந்தால் கிரேன் கல்லோடு அந்தரத்தில் நின்றுவிடும். ஷெட்டிலிருந்து அவன் நின்ற இடம் பதினைந்தடி.

சரோஜம் பிஜுவுக்குப் போன் செய்து அமுக்கச் சொன்னாள். மணி அடிக்கவில்லை. "அமுக்குதேன் சேச்சி, வெளக்கு எரியுது" என்று போனில் கேட்டது. அடிக்கவில்லை. அகிலேஷ் மேட்டை நோக்கி ஓடினான். பட்டனைப் பிடுங்கி அவனே அமுக்கியிருக்க வேண்டும். போன் வழியே அந்தப் பட்டனின் டிக்டிக் சத்தம் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. சரோஜம் பத்தைத் தாண்டியும் எண்ணினாள். ஐம்பத்தாறு வரை எண்ணினாள். பெட்டி ஆணியில் சும்மா தொங்கியது. லாரி காலியாகி, அந்தப்பக்கத்து ஆள் இடுப்பு ரிமோட்டை நிறுத்தியதும், ஐம்பத்தேழாவது அமுக்கலுக்கு மணி காது கிழிகிற மாதிரி அடித்தது.

அகிலேஷ் இறங்கி வந்து ஷெட்டின் தரையில் குந்தினான்.  பின்னாலேயே வந்த பிஜுதான் முதலில் சொன்னான்.

"அப்ப மெஷின்தான் சதிச்சது. லேகா பாவம்."

அகிலேஷ் தலையை நிமிர்த்தினான். "என்ன பாவம்? மணி கேக்கலண்ணா இவளுக்குக் கண்ணு இல்லையா? முந்தி பத்து நிமிசத்துக்கு ஒருக்கா போய்ப் பாத்தவதானே? அண்ணைக்கு என்ன வந்துது? முக்கா மணிக்கூறு மேல வராம அம்மாகிட்ட நாயம் பறஞ்சிட்டு நிண்ணா."

பிஜு கொஞ்சம் யோசித்தான். "அதும் உள்ளதுதான்" என்றான்.

"மணி இருக்குண்ணு நம்பி அவ போவாம இருந்தா" என்றாள் சரோஜம்.

"யாரு நம்பச் சொன்னது?"

அவள் வாய் திறப்பதற்குள் அகிலேஷ் எழுந்து மேலே போய்விட்டான். ஆனால் அவள் வாய் உண்மையில் திறந்திருக்குமா என்பதை அவள் பிறகு பல நாள் தனக்குள் கேட்டுப் பார்த்தாள். திறந்திருக்காது என்றே தோன்றியது.

யூனிட்டில் அன்று மாலையே அறிக்கை எழுதினாள். ஷாஜி படித்துவிட்டு மேசை இழுப்பறைக்குள் போட்டான். மீதி முப்பத்தொன்பது மணியையும் திருப்பி வாங்க வேண்டும் என்று அவள் சொன்னதற்கு, வாங்கினால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும் என்றான். குழுவும் வேண்டாம் என்றது, நோயாளிகள் பயந்துபோவார்களாம். ஒரு வாரத்தில் ஸ்டிக்கர் அச்சாகி வந்தது: "பிற வயர்லெஸ் சாதனங்களின் அருகில் பயன்படுத்த வேண்டாம்." அதைப் பெட்டியின் அடிப்பக்கத்தில் ஒட்டச் சொன்னான். சரோஜம் ஒட்ட மாட்டேன் என்றாள்.

"பின்ன எதுக்கு அக்கா இஞ்ச வாறிய?" என்று ஷாஜி கேட்டான். சத்தம் போடவில்லை. மரியாதையாகவே கேட்டான்.

அவள் இரண்டு ஜெனரேட்டரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். டின்னை எடுக்கவில்லை.

மறுநாள் அறிக்கையை இன்னொரு தடவை முழுசாகக் கையால் எழுதினாள். இரண்டு பஸ் மாறி, கோட்டுகாலில் லேகாவின் வீட்டை விசாரித்துப் போனாள். லேகா முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அடையாளம் தெரிந்தது. உட்காரச் சொல்லவில்லை. நீட்டிய காகிதத்தை ஈரக் கையைத் துடைத்துவிட்டு வாங்கி, நின்றபடியே மேலிருந்து கீழ்வரை படித்தாள். அலைவரிசை இருந்தது. தூரம் இருந்தது. கிரேன் ஓடாதபோது பத்துக்குப் பத்து, ஓடியபோது ஐம்பத்தாறுக்குப் பூஜ்யம் என்று இருந்தது. பெட்டியின் எண், தேதி, நேரம், எல்லாம் இருந்தது.

"இதுல எனக்க பேரு இல்லையே அக்கா."

சரோஜம் காகிதத்தைத் திரும்ப வாங்கிப் பார்த்தாள். உண்மைதான். ஒரு இடத்திலும் இல்லை. "உபயோகிப்பவர்" என்று இருந்தது.

"நான் மணி அடிக்கலண்ணு பறஞ்சேன். எல்லார்ட்டயும் பறஞ்சேன். எனக்க கெட்டினவன் கால்ல விழுந்து பறஞ்சேன். இப்ப ஒரு கிரேனு வந்து பறஞ்சாத்தான் அது நெஜம். அதுவும் போச்சு. ஏன் போய்ப் பாக்கலண்ணு இப்ப கேக்கானாம். போனவாரம் பிஜு அண்ணன் கூப்பிட்டுச் சொன்னாரு." துணியை உதறிக் கயிற்றில் போட்டாள். "பத்து நிமிசத்துக்கு ஒருக்கா போய்ட்டுதான் இருந்தேன், நீங்க வாறது வரைக்கும்."

சரோஜம் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். துணி துவைக்கிற கல்லின்மேல் காகிதத்தை வைத்து, கையெழுத்துக்கு மேலே இருந்த கொஞ்ச இடத்தில் எழுதினாள்: "லேகா மணி அடிக்கவில்லை என்று சொன்னது உண்மை. 'இனி நீ ஓட வேண்டாம்' என்று அவளிடம் சொன்னது நான்."   

லேகா தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

"எண்ணைக்குச் சொன்னியளுன்னும் போடுங்க."

சரோஜம் ஜனவரித் தேதியைப் போட்டாள்.

"அண்ணைக்கு ஹர்த்தாலாக்கும். யார்டு பூட்டிக் கெடந்துது. ஓடும்போது கேக்குமாண்ணு நான் கேட்டேன். அதையும் எழுதுங்க."

இடம் போதவில்லை. சரோஜம் காகிதத்தைத் திருப்பினாள்.